அனாபொலிஸில் முதல் வசந்தம்: விளையாட்டு அணியில் இருக்கும் பிளீபுகளுக்கு ஒரு வழிகாட்டி

அனாபொலிஸில் உள்ள அமெரிக்கக் கடற்படை அகாடமியில் முதலாண்டு மாணவருக்குப் பிளீப் என்று பெயர். கோடைப் பயிற்சியையும் முதல் செமஸ்டரையும் தாண்டிய பிளீப், இனிமேல் பெரிய கஷ்டம் இல்லை என்ற நினைப்போடுதான் ஜனவரியில் திரும்பி வருவார். வசந்தகால விளையாட்டு அணியில் இருப்பவருக்கு நெருக்கடி அங்கிருந்துதான் ஆரம்பம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் மார்ச் விடுமுறைக்கும் இடைப்பட்ட வாரங்களுக்கு அங்கே டார்க் ஏஜஸ் என்றே பெயர். குளிர், சாம்பல் வானம், உள்ளரங்கப் பயிற்சி, படிப்பு, இவ்வளவுதான். அது முடிந்ததும் போட்டிகள். ஏப்ரலில் வாரக்கடைசிப் பயணங்கள். மே மாதத்தில் செமஸ்டர் தேர்வும் சாம்பியன்ஷிப்பும் சீ டிரயல்ஸ் எனும் நீண்ட உடற்சோதனையும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும்.

லக்ராஸ், பேஸ்பால், டிராக், துடுப்புப் படகு எதுவானாலும் செய்யவேண்டியவை ஏறக்குறைய ஒன்றே. எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் ஆண்கள் லைட்வெயிட் துடுப்பு அணியை எடுத்துக்கொள்கிறோம். எடைக் கட்டுப்பாடு, குளிர்நீர், தொலைதூரப் பயணம் மூன்றும் அதில் சேர்ந்து வருகின்றன.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அணியோடு வெளியூர் போக அகாடமி தரும் அனுமதிக்கு மூவ்மென்ட் ஆர்டர் என்று பெயர். அது நீங்கள் வகுப்பில் இல்லாததை மட்டுமே மன்னிக்கும். வேலையைச் செய்யாததை மன்னிக்காது. பிளீபுகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒரு நாளில் உங்களுக்கு எவ்வளவு மிச்சம்?

வேலைநாளின் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும். காலை 6:30க்கு எழுப்பல். 7:00 மணிக்கு அணிவகுப்பு, பிறகு காலை உணவு. 7:55 முதல் 11:45 வரை நான்கு வகுப்புகள். 12:05க்கு மறுபடி அணிவகுப்பு, மதிய உணவு. 12:50 முதல் 1:20 வரை கம்பெனிப் பயிற்சி (கம்பெனி என்பது நீங்கள் சேர்ந்திருக்கும் மாணவர் படைப்பிரிவு). 1:30க்கு மேல் ஐந்தாம், ஆறாம் பீரியட்கள். 3:45 முதல் 6:00 வரை விளையாட்டு. 6:30க்கு இரவு உணவு. 8:00 முதல் 11:00 வரை படிப்பு நேரம்.

இதற்கு நடுவே பிளீபுக்கென்று தனி வேலைகள் இருக்கின்றன. அணிவகுப்புக்கு முன் தாழ்வாரத்தில் நின்று அன்றைய உணவுப் பட்டியலையும் சீருடையையும் மற்றதையும் கத்திச் சொல்லும் சௌ கால், செய்தி வாசித்துத் தயாராக இருப்பது, தொழில்முறை அறிவுத் தேர்வு, விடுதியான பேங்க்ராஃப்ட் ஹாலுக்குள் நடக்காமல் நடுவே ஓடி மூலைகளைச் சதுரமாகத் திரும்புவது. அணியில் இருப்பதால் இவை தாமாகக் குறைந்துவிடாது.

விளையாட்டுக்கு எவ்வளவு நேரம் என்பதில் ஒரு கணக்குப் பிசகு உண்டு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. நிம்மதியாகத்தான் தெரியும். ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் அந்தக் கணக்கில் 3 மணிதான். பயணம் சேராது. காயத்துக்கான சிகிச்சை நேரமும் சேராது. மாசசூசெட்ஸில் இருக்கும் வூஸ்டருக்குப் பஸ்ஸில் போய்வர ஒரு வழிக்கே ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஏட்டில் அது பூஜ்யம். அதனால் 20 மணியை வைத்துத் திட்டம் போடாதீர்கள். போட்டி உள்ள வாரத்தில் வெள்ளி மதியம் முதல் ஞாயிறு காலை வரை இல்லை என்று வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கணக்குப் போடுங்கள்.

படிப்பு நேரம் 11:00க்கு முடிந்து, காலையில் எடைப்பயிற்சிக்கு 5:30க்கு எழுந்தால் படுக்கையில் ஆறரை மணி நேரம். படிப்பு ஒரு மணி நேரம் நீண்டால் ஐந்தரை. காலைப் பயிற்சி இருக்கும் நாட்களுக்கு முந்தின இரவில் கணிதம், வேதியியல் போன்ற கனமான வேலையை வைக்காதீர்கள். காபியை மாலைப் பயிற்சிக்கு முன்போடு நிறுத்திவிடுங்கள். ராத்திரி 8:00க்குக் குடித்தால், அதில் ஏறக்குறைய பாதி 1:00 மணிக்கும் உடம்பில் நிற்கும்.

ஜனவரி: முதல் வாரத்திலேயே செய்யவேண்டியவை

1. அணியின் போட்டி அட்டவணையை வாங்குங்கள். போட்டித் தேதியை விட, பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், எப்போது திரும்பும் என்பதே முக்கியம். பயிற்சியாளருக்கு அது இன்னும் தெரியாவிட்டால், சென்ற ஆண்டு எப்போது கிளம்பினார்கள் என்று அணியின் இரண்டாம் ஆண்டுக்காரரைக் கேளுங்கள். பெரும்பாலும் அதே நேரம்தான்.

2. எல்லாப் பாடத்திட்டங்களையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். தேர்வு, லேப், கட்டுரைக் கெடு ஆகியவை பயணத்தோடு மோதும் இடங்களை மட்டும் குறித்துவையுங்கள். சாதாரண வகுப்பு தவறுவதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

3. லேப் மோதினால் அதை முதலில் கவனியுங்கள். தவறிய தேர்வை வேறு நாளில் எழுதலாம், கட்டுரையை முன்கூட்டியே கொடுக்கலாம். வேதியியல் லேபுக்கான கருவிகளும் கரைசல்களும் அந்த வாரத்துக்கு மட்டுமே தயாராக இருக்கும். வாரம் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதே வாரத்தில் வேறு பிரிவோடு சேர்ந்து செய்ய இடம் கேளுங்கள். பயணம் முடிந்து வந்து கேட்டால் ஆசிரியர் நினைத்தாலும் உதவ முடியாது.

4. ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த வகுப்பு, எந்தத் தேதி, எது தவறுகிறது, அதை எப்போது முடிக்கப்போகிறீர்கள், இந்த நான்கும் இருந்தால் போதும். "என்ன செய்யட்டும்?" என்று கேட்டு எழுதாதீர்கள். "புதன் ஆறாம் பீரியடில் உங்கள் அறைக்கு வந்து எழுதலாமா?" என்று எழுதுங்கள், ஆசிரியர் சரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆசிரியர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சிவிலியன்கள். அவர்களைப் புரொஃபசர் என்றும், அதிகாரிகளைப் பதவிப்பெயர் சொல்லியும் விளியுங்கள்.

5. மூவ்மென்ட் ஆர்டரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் நீங்களே பாருங்கள். பிளீபுகள் கடைசி நேரத்தில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு மாற்றப்படுவார்கள். வியாழன் மாலை பயிற்சியாளர் "நீயும் வா" என்றால், பட்டியலில் பெயர் ஏறாதவரை வெள்ளிக்கிழமை வகுப்பில் நீங்கள் சொல்லாமல் வராதவர்தான். அணிக்கு ஆஃபீசர் ரெப் என்று ஓர் அதிகாரி இருப்பார். அன்றிரவே அவருக்குத் தகவல் போகவேண்டும். கம்பெனியில் உங்கள் சிறு குழுவுக்குப் பொறுப்பான மூத்த மாணவர், அதாவது ஸ்க்வாட் லீடருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால், அணிவகுப்பில் உங்களைக் காணோம் என்று பதில் சொல்லவேண்டியவர் அவர்.

பிப்ரவரி: மதிப்பெண்ணைச் சேர்த்துவைக்கும் மாதம்

பதினாறு வார செமஸ்டரில் ஆறாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் மதிப்பெண் பதிவாகும். ஆறாம் வாரம் பிப்ரவரியில் முடியும், அதாவது பயணங்கள் தொடங்குவதற்கு முன்பே. பன்னிரண்டாம் வாரம் ஏப்ரலில், நீங்கள் பஸ்ஸிலேயே குடியிருக்கும்போது முடியும். ஆகவே ஆறாம் வாரத்தில் பி வாங்கினால், ஏப்ரலில் சி-க்கு இறங்கினாலும் தாங்கும். ஆறாம் வாரத்திலேயே சி என்றால், அடுத்த இறக்கம் டி. பட்டம் பெற மொத்தச் சராசரி 2.0 வேண்டும்; அதற்குக் கீழே போனால் அகாடமிக் போர்டு முன் நிற்கவேண்டி வரும். அங்கே விளையாட்டு அணி என்பது ஒரு காரணமாகச் செல்லாது.

கவிழ்க்கிற பாடங்கள் எவை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கால்குலஸும் வேதியியலும்தான். இங்கே எந்தத் துறையை எடுத்தாலும், ஆங்கில இலக்கியமே ஆனாலும், கிடைப்பது பி.எஸ். எனும் அறிவியல் பட்டம், கணிதத்திலிருந்து தப்ப வழியில்லை. பட்டப்படிப்புத் துறையைத் தேர்ந்தெடுப்பதும் இதே செமஸ்டரில்தான் வரும். அணியில் மூத்தவர்கள் எல்லோரும் எடுத்த துறை என்பதற்காக அதையே எடுத்துவிடாதீர்கள். பயிற்சி நேரத்தோடு மோதும் மதிய லேப்கள் அதில் எத்தனை என்று அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உதவி நிறையவே இருக்கிறது. ஆசிரியரிடம் தனியாகப் போய்ப் படிக்கும் எக்ஸ்ட்ரா இன்ஸ்ட்ரக்‌ஷன், மூத்த மாணவர்கள் மாலையில் நடத்தும் எம்ஜிஎஸ்பி குழுப் படிப்பு இரண்டும் இலவசம். பலர் செய்யும் தவறு, தேர்வில் தோற்ற பிறகு ஆசிரியரைத் தேடிப் போவது. பயணத்துக்கு முந்தின செவ்வாயன்று, தவறப்போகும் பாடத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டு வருவது அதைவிட நல்ல வழி. அரைமணி நேர வேலை. ஆசிரியருக்கும் உங்கள் முகம் நினைவிருக்கும்.

உடம்பு: ஓட்டத் தேர்வும் விலா எலும்பும்

அணியில் இருந்தாலும் உடற்தகுதித் தேர்வான பிஆர்டி உண்டு. தண்டால், பிளாங்க், ஒன்றரை மைல் ஓட்டம். ஓட்டத்தின் எல்லை ஆண்களுக்கு 10:30 நிமிடம், பெண்களுக்கு 12:40. ஒன்றரை மைல் என்றால் 2,414 மீட்டர், அதாவது 400 மீட்டர் டிராக்கில் ஆறு சுற்றும் கொஞ்சமும். ஆண்கள் சுற்றுக்கு 1:44, பெண்கள் 2:05 என்று ஓடினால் நேரத்துக்குள் முடியும். வெஸ்லி பிரவுன் ஃபீல்ட் ஹவுஸில் உள்ளரங்க டிராக் 200 மீட்டர். அங்கே ஓடினால் ஆண்களுக்குச் சுற்றுக்கு 52 நொடி. 400 மீட்டர் டிராக்கில் முதல் சுற்றை 90 நொடியில் ஓடிவிட்டு நான்காவதில் மூச்சு வாங்குவதே தோல்விக்கு வழக்கமான காரணம்.

துடுப்பு வீரர்களுக்கு இதில் ஒரு வலை இருக்கிறது. எர்க் எனும் துடுப்பு இயந்திரத்தில் மாதக்கணக்கில் உழைத்த நெஞ்சும் நுரையீரலும் 10:30க்கு எளிதாகத் தாங்கும். ஓடிப் பழகாத முழங்கால்கீழ் எலும்பு தாங்காது. எலும்பு பலப்பட இதயத்தைவிட வெகுகாலம் பிடிக்கும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு திடீரென்று தினமும் ஓடினால் ஷின் வலி நிச்சயம். ஜனவரியிலிருந்தே வாரத்துக்கு மூன்று முறை, 15 நிமிடம், மெதுவாக. அது போதும்.

இன்னொன்று விலா எலும்பு. குளிர்காலத்தில் எர்க் அளவு சட்டென்று கூடும்போது விலாவில் அழுத்த முறிவு வருவது துடுப்பு வீரர்களிடம் தெரிந்த சங்கதி. ஒரு பக்கமாகக் குத்தும். இருமினால், ஆழமாக மூச்சிழுத்தால், படுக்கையில் புரண்டால் கூடும். தசைப்பிடிப்பு என்று நினைத்து இரண்டு வாரம் இழுத்தால் பருவமே போய்விடும். முதல் நான்கு நாளில் சொன்னால் சைக்கிளில் பயிற்சியைத் தொடர்ந்துகொண்டே ஆறவைக்கலாம்.

காயம் என்று வந்தால் இரண்டு இடத்தில் சொல்லவேண்டும். அணியின் டிரெயினர் "ஓடாதே" என்றால் அது பயிற்சிக்கு மட்டும். பேங்க்ராஃப்ட் ஹால் தாழ்வாரத்தில் ஓடாமலிருக்க, பிஆர்டியைத் தள்ளிவைக்க, குத்துச்சண்டை வகுப்பில் ஓரமாக நிற்க, அகாடமியின் மருத்துவப் பிரிவான பிரிகேட் மெடிக்கல் யூனிட் தரும் விலக்குச் சீட்டு, அதாவது சிட், வேண்டும். சிட் இல்லாமல் நொண்டிக்கொண்டு நடக்கும் பிளீபை, வேலைக்குக் கள்ளம் போடுபவன் என்றுதான் கம்பெனி நினைக்கும். சிட்டின் நகலை ஸ்க்வாட் லீடரிடம் கொடுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள்.

குளிர்நீர் பற்றி ஒரே வரி: பிப்ரவரி, மார்ச்சில் செவர்ன் ஆற்றில் படகு கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு பயிற்சியாளரின் மோட்டார் படகான லாஞ்ச் வரும்வரை காத்திருங்கள்.

சாப்பாடும் எடையும்

பல்கலைக்கழக லைட்வெயிட் படகில் ஆண் துடுப்பு வீரர் ஒருவர் 160 பவுண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. படகின் சராசரி 155 பவுண்டைத் தாண்டக்கூடாது. கிலோவில் சொன்னால் 72.6, 70.3. சராசரி என்பதால், நீங்கள் 159இல் நின்றால் இன்னொருவர் 151இல் இருந்தாகவேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பது அணிக்குள் ஓயாத பேச்சு.

எடை குறைப்பதைப் போட்டி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். வாரத்துக்கு அரைக் கிலோதான் நியாயமான வேகம். மூன்று கிலோ குறைக்கவேண்டுமென்றால் ஆறு வாரம், ஆகவே ஜனவரி கடைசியிலேயே ஆரம்பம். கடைசி நாளில் தண்ணீரை நிறுத்தி இறக்குபவர்களுக்கு, உடல் எடையில் 2 சதவீதம் நீர் போனாலே வேகம் குறைய ஆரம்பிக்கும். 73 கிலோக்காரருக்கு அது ஒன்றரைக் கிலோதான்.

மற்ற விளையாட்டுகளில் பிரச்சினை நேர் எதிர், சாப்பாடு போதாது. உணவுக்கூடமான கிங் ஹாலில் பிரிகேட் எனும் மாணவர் படை முழுவதும், நான்காயிரத்துக்கு மேற்பட்டவர்கள், ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கம்பெனி மேஜையில் பிளீப் நிமிர்ந்து உட்கார்ந்து, நேரே பார்த்து, மூத்தவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிடவேண்டும். பதில் தெரியாத நாளில் தட்டு பாதியோடு எழுந்துவிடும். அணிக்கென்று தனி மேஜை இருந்தால் இந்தத் தொல்லை குறையும். எப்படியும் அறையில் சிறு இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்: வேர்க்கடலை வெண்ணெய், ஓட்ஸ், வாழைப்பழம், பால் பவுடர். உழைப்பு கூடிய நாட்களில் உடல் எடைக் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் மாவுச்சத்து, 1.2 முதல் 2 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. பயிற்சி முடிந்ததும் 20–30 கிராம் புரதம்.

வீட்டிலிருந்து பார்சல் அனுப்பும் நம்மூர்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, முறுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புங்கள். லேகியம், சூரணம், "உடம்புக்குத் தெம்பு" என்று நாட்டுமருந்துக் கடையில் தரும் பொட்டலம் வேண்டாம். பிள்ளை கடற்படையின் போதைப்பொருள் சோதனைக்கும் என்சிஏஏ சோதனைக்கும் உட்பட்டவர். உள்ளே என்ன இருக்கிறதென்று அச்சிடப்படாத எதற்கும் அவர்தான் பதில் சொல்லவேண்டும். தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் எடுபடாது. கடையில் வாங்கும் புரதப் பொடியாக இருந்தால் என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும் சிபிடி, ஹெம்ப் கலந்த பொருட்கள், ஷாம்பு உட்பட, கடற்படையில் தடை.

ஏப்ரல்: பஸ், கம்பெனி, ஆர்மி

பஸ்ஸில் படிக்கலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைசுற்றும், இணையமும் விட்டுவிட்டுத்தான் வரும். போகும்போது வரலாறு, ஆங்கிலம் போன்ற வாசிப்பை அச்செடுத்து எடுத்துப்போங்கள். கணித வேலையை ஓட்டல் மேஜைக்கு வையுங்கள். திரும்பி வரும் பயணத்தில் தூங்குங்கள். தோற்றிருந்தாலும் வென்றிருந்தாலும் அப்போது எதுவும் மண்டையில் ஏறாது. ஞாயிறு மாலை திங்களுக்கான சீருடை, காலணி, தொழில்முறை அறிவுப் பாடம் மூன்றையும் முடித்த பிறகே வகுப்பு வேலையைத் தொடுங்கள். திங்கள் காலை முதலில் அகப்படுவது அவைதான்.

கம்பெனியை மறந்துவிடாதீர்கள். நீங்கள் அணி மேஜையில் சாப்பிடும்போதும் வெளியூரில் இருக்கும்போதும் உங்கள் சௌ காலையும் துப்புரவு முறையையும் வேறொரு பிளீப் செய்கிறார். அந்த மனத்தாங்கல் அங்கே பழையது, நியாயமானதும்கூட. பயணம் இல்லாத வாரத்தில் அவருடைய முறைகளைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருந்தால் அது கடனை அடைத்ததாகும்; கேட்காமல் செய்தால் நட்பு. படைத்திறன் மதிப்பெண்ணும் தகுதிவரிசையில் சேரும். அதைத் தீர்மானிப்பது கம்பெனி, பயிற்சியாளர் அல்ல.

ஆர்மியோடு, அதாவது வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியோடு, மோதும் போட்டி எந்த விளையாட்டிலும் தனி. வென்றால் அணிச் சட்டையின் N எழுத்தோடு தங்க நட்சத்திரம் கிடைக்கும். அந்த வாரம் உங்களுக்கு வேறெதுவும் ஓடாது. ஆகவே அந்த வாரத்து வேலையை அதற்கு முந்தின வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

மே: எல்லாம் ஒன்றாக வரும்போது

மே தொடக்கத்தில் செமஸ்டர் தேர்வுகள். மாத நடுவில், பிளீபுகளுக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் நீளும் சீ டிரயல்ஸ், அதை ஒட்டி ஹெர்ண்டன் தூண் ஏற்றம். கிழக்குப் பகுதி ஸ்பிரிண்ட்ஸ் பந்தயமும் இதே மாதத்தில். படகு தகுதி பெற்றால் ஐஆர்ஏ தேசியப் பந்தயம் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில். அதற்குள் மூத்தவர்கள் பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள்.

தேர்வு பந்தயப் பயணத்தோடு மோதினால் மாற்று நேரத்துக்கு ஏப்ரல் நடுவிலேயே விண்ணப்பியுங்கள். தேர்வு வாரத்தில் கேட்டால் நேரம் இருக்காது. சீ டிரயல்ஸ் உங்களுக்கு உண்டா, பாதியா, வேறு நாளா என்பதைப் பயிற்சியாளரின் வாய்வார்த்தையில் விடாமல், ஆஃபீசர் ரெப் மூலம் கம்பெனி அதிகாரிக்கு எழுத்தில் போகச்செய்யுங்கள். 14 மணி நேரம் சேற்றிலும் தண்ணீரிலும் கிடந்த கால் ஆற இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பந்தயம் அந்த வாரக்கடைசி என்றால், நடுவில் வேறு கடின பயிற்சி கூடாது.

ஹெர்ண்டன் என்பது 21 அடி உயரக் கல்தூண். கொழுப்பு பூசி வைத்திருப்பார்கள். உச்சியில் இருக்கும் பிளீபின் வெள்ளைத் தொப்பியை எடுத்துவிட்டு மேல்வகுப்புத் தொப்பியை வைக்கவேண்டும். 1995இல் 4 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உயரமாக, தோள் அகலமாக இருக்கும் துடுப்பு வீரர்களை எல்லோரும் அடிவரிசைக்குத்தான் இழுப்பார்கள். பந்தயம் பாக்கியிருந்தால் அடிவரிசை வேண்டாம். மேலே மூன்று அடுக்கு ஆட்கள் தோளிலும் விலாவிலும் நிற்பார்கள், சறுக்கி விழுபவரும் உங்கள்மேல்தான் விழுவார். நனைந்த சட்டைகளால் கொழுப்பை வழித்தெடுக்கும் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கேயும் ஆள் வேண்டும்.

கோடைப் பயிற்சிப் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் பகுதியைக் கேட்காதீர்கள். ஐஆர்ஏவுக்குத் தகுதி பெற்றால் கப்பல் பயணத்தின் தொடக்கம் அதோடு மோதும். பட்டியலை மாற்றுவது பெரும்பாடு. அறைப் பொருட்களையும் கடைசிப் பயணத்துக்கு முந்தின இரவே பெட்டிகளில் போட்டு, பெயர், கம்பெனி எண், புது அறை எண் எழுதி ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஏரிக்கரையில் இருக்கும்போது அறையைக் காலி செய்யப்போவது அறைத்தோழர்தான். எது யாருடையது என்று அவர் ஊகிக்க நேர்ந்தால், உங்கள் கால்குலஸ் குறிப்புகள் குப்பைக்குப் போகும், ஈரச் சாக்ஸ் பத்திரமாக இருக்கும்.